நீஸ் நகரத்தில் கோடைக்காலச் சாப்பாடு ஏன் ஏமாற்றுகிறது

போன ஜூலை மாதம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நீஸ் போயிருந்தோம். பிரான்சின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிற ஊர். ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இத்தாலி எல்லை வந்துவிடும். பழைய நகரத்துக்குள் கூர் சலேயா என்று நீளவாக்கில் ஒரு சதுக்கம். காலையில் அது பூச்சந்தை, காய்கறிச் சந்தை. மதியம் ஒன்றரை மணி வாக்கில் வியாபாரிகள் கடையைக் கட்டுவார்கள், தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவுவார்கள். ஈரம் காய்வதற்குள், தக்காளிக் கூடைகள் இருந்த இடத்தில் உணவகங்களின் மேசைகள் வந்துவிடும்.

அந்தப் பக்கத்தில் ஒரு மேசையில் நாங்கள் உட்கார்ந்தபோது மணி மூன்று. விமானம் தாமதம், யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா சைவம். ஐந்து மொழிகளில், படங்களோடு இருந்த பட்டியலில் சைவமாகத் தெரிந்தது ரட்டாடூய். கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், தக்காளி, வெங்காயம் சேர்த்து ஆலிவ் எண்ணெயில் செய்கிற நீஸ் ஊரின் சொந்தப் பண்டம். அதுவும் ஜூலையில், அந்தக் காய்கள் எல்லாம் காய்த்துக் குலுங்குகிற மாதத்தில். விலை 17 யூரோ. இதைவிடப் பொருத்தமாக என்ன கேட்டுவிட முடியும் என்றுதான் நினைத்தேன்.

வந்த தட்டை இப்போதும் சொல்ல முடியும். காய்கள் எல்லாம் ஒரே அளவுச் சதுரங்கள், இயந்திரத்தில் நறுக்கிய மாதிரி. கரண்டியால் அழுத்தினால் கத்தரிக்காய் குழையவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. தட்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் பிரிந்து நின்றது. நடுவில் நாக்கு சுடுகிற சூடு, ஓரத்தில் இரண்டு துண்டுகள் ஜில்லென்று இருந்தன. அம்மா நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "எண்ணெய் வாசனையே இல்லையேப்பா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இருபது அடியில், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்புவரை, அன்று காலையில் பறித்த கத்தரிக்காயை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த இருபது அடியைக் காய் ஏன் கடக்கவில்லை? பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் உலகமே கும்பிடுகிறது. 2010-இல் பிரெஞ்சு விருந்து முறையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்தது. அப்படிப்பட்ட நாட்டில், கோடையில், சுற்றுலாப் பயணிக்கு இப்படி ஒரு தட்டு வருவது எங்கள் கெட்ட நேரம் என்று விட்டுவிட மனம் வரவில்லை. விசாரித்தும் படித்தும் பார்த்தேன். அந்தத் தட்டு அப்படித்தான் வர வேண்டும் என்பதற்கான எல்லா ஏற்பாடும் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

முதலில் கடிகாரம். பிரான்சில் சமையலறை நாள் முழுக்க எரிகிற அடுப்பு கிடையாது. மதியம் 12-லிருந்து 2 வரை, இரவு 7 அல்லது 7:30-லிருந்து 10 வரை, அவ்வளவுதான். இடைப்பட்ட நேரத்தில் சமையல்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரே ஆள் காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை, நடுவில் ஒரு நீண்ட இடைவெளி என்றுதான் அந்தத் தொழிலே நடக்கிறது. மூன்று மணிக்குப் பசித்தால் நல்ல கடைகள் எல்லாம் மூடியிருக்கும். திறந்திருப்பவை 'செர்வீஸ் கொன்தினு', அதாவது இடைவிடாத சேவை என்று பலகை வைத்த கடைகள். அந்தப் பலகையைப் பார்த்து நாம் நிம்மதிப்படுகிறோம். அந்த நேரத்தில் அந்த அடுப்படியில் பெரும்பாலும் சமையல் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார், பையைப் பிரித்துச் சூடு பண்ணத் தெரிந்த ஒருவர் இருப்பார். உள்ளூர்க்காரர்கள் அந்த நேரத்தில் சாப்பிடுவதில்லை என்பதால், அப்போது திறந்திருக்கும் கடை வெளியூர்க்காரர்களுக்காகத் திறந்திருக்கும் கடை.

ஆனால் கடிகாரத்தை மட்டும் குறை சொன்னால் கணக்கு சரியாக வரவில்லை. ஏனென்றால் ரட்டாடூய் காத்திருக்கத் தெரிந்த பண்டம். ஒழுங்காகச் செய்தால் ஒவ்வொரு காயையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்க வேண்டும். கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும், சுக்கினி தண்ணீர் விடும், குடைமிளகாய் வதங்க நேரமெடுக்கும். ஒன்றாகப் போட்டால் ஒன்று வேகும்போது இன்னொன்று கரைந்துபோகும். தனித்தனியே வதக்கி, கடைசியில் தக்காளி, பூண்டு, தைம் இலை, பிரிஞ்சி இலையோடு சேர்த்து மெல்லிய தீயில் விட வேண்டும். ஒன்றரை மணி நேரம் தாராளமாக ஆகும். ஆனால் ஆறின பிறகு இன்னும் நன்றாக இருக்கும், மறுநாள் அதைவிட நன்றாக இருக்கும். காலை பத்து மணிக்கு ஒருவர் அதைச் செய்து வைத்திருந்தால் மூன்று மணிக்கு அம்மாவுக்கு அருமையான சாப்பாடு கிடைத்திருக்கும். அந்த ஒருவர் இல்லை, அந்த ஒன்றரை மணி நேரச் சம்பளமும் இல்லை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஆள் ஏன் இல்லை? கடலோர உணவகங்கள் பருவகாலத் தொழிலாளர்களை நம்பி ஓடுபவை. வசந்தத்தில் சேர்ந்து இலையுதிர் காலத்தில் போய்விடுகிறவர்கள். கொரோனா காலத்தில் பிரான்சின் ஓட்டல், உணவகத் தொழிலை விட்டு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். இரவும் வார இறுதியும் வேலை, நடுவில் வீணாகிற பிற்பகல், இதெல்லாம் போதும் என்று வேறு வேலைக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. ஆட்களை இழுக்க 2022 ஏப்ரலிலிருந்து அந்தத் தொழிலின் அடிப்படை ஊதிய அட்டவணையைச் சராசரியாக 16 சதவீதம் உயர்த்தினார்கள். நீஸில் அதோடு வாடகைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. எங்களைப் போன்றவர்கள் ஒரு வாரத்துக்கு எடுக்கிற வீடுகள் எல்லாம், வேலைக்கு வரும் ஒரு சமையல்காரர் ஆறு மாதத்துக்குத் தங்கியிருக்கக்கூடிய வீடுகள். இது எனக்கு அங்கே இருந்தபோது உறைக்கவில்லை, இப்போது உறுத்துகிறது.

அடுத்தது, சாப்பிட வருகிறவர் யார் என்பது. நீஸின் மக்கள்தொகை சுமார் மூன்றரை லட்சம். ஆண்டுக்கு வந்துபோகும் பயணிகள் சுமார் 50 லட்சம். கடலைப் பார்த்த தெருவில், சதுக்கத்தில் கடை வைத்திருப்பவருக்கு இடத்தின் வாடகையே கழுத்தை நெரிக்கும். அவர் கல்லாவுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் இரண்டாவது முறை வரப்போவதில்லை. நன்றாகச் செய்தாலும் வரமாட்டார்கள், மோசமாகச் செய்தாலும் வேறு புது ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். பேருந்து நிற்கிற நெடுஞ்சாலை மோட்டலில் சாப்பிட்டிருக்கிற யாருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு உணவகத்தை ஒழுங்காக வைத்திருப்பது மதியம் வருகிற உள்ளூர் ஆள்தான். அலுவலகத்திலிருந்து நடந்து வந்து, கரும்பலகையில் எழுதிய 'ப்ளா து ஜூர்', அன்றைய சாப்பாடு, அதைக் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புகிறவர். வாரத்தில் நாலு நாள் வருவார். உப்பு கூடினால் சொல்வார், இரண்டு முறை கூடினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். கோடையில் அவர்தான் ஊரில் இருப்பதில்லை. 1936-இல் மக்கள் முன்னணி அரசு சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. 1956-இல் அது மூன்று வாரமானது, 1969-இல் நாலு, 1982-இல் ஐந்து. அதில் பெரும்பகுதியை மக்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் எடுக்கிறார்கள். பாரிசில் ஆகஸ்ட் மாதம் நடந்தால், கையால் எழுதி ஒட்டிய 'ஆண்டு விடுமுறை' தாள் கதவுக்குக் கதவு தெரியும். ரொட்டிக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் லீவு எடுத்துவிடக் கூடாது என்று பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலிருந்து வந்த கட்டுப்பாடுகூட 2015-இல் போய்விட்டது. நீஸில் கதை கொஞ்சம் வேறு. கடைகள் திறந்திருக்கும், ஆனால் ஊர்க்காரர்கள் மலைப்பக்கம் போயிருப்பார்கள், அல்லது பழைய நகரத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டார்கள். சொந்த ஊர் வாடிக்கையை நம்பி நடக்கும் சின்னக் கடைகள் சிலவும் கோடையில் சில வாரம் மூடிவிடும். ஆக, பயணிகள் மிக அதிகமாக வருகிற மாதத்தில்தான் சாப்பாட்டைச் சோதிக்கிற ஆட்கள் மிகக் குறைவாக இருக்கிறார்கள்.

சரி, சட்டம் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. 2014 மார்ச்சில் வந்த நுகர்வோர் சட்டம் 'ஃபே மேஸோன்' என்ற சொல்லுக்கு வரையறை கொடுத்தது. நேர் அர்த்தம் 'வீட்டில் செய்தது', அதாவது அந்த உணவகத்திலேயே, பச்சைப் பொருளிலிருந்து சமைத்தது. அதற்கு ஒரு சின்னமும் உண்டு: வாணலி மேல் மூடிக்குப் பதில் வீட்டுக் கூரை வரைந்திருக்கும். பட்டியலில் அந்தப் படம் இருந்தால் நம்பலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த வரையறையில் 'பச்சைப் பொருள்' என்பது வெளியே நறுக்கி, தோலுரித்து, பனியில் உறையவைத்து வந்ததாகவும் இருக்கலாம். சமைக்காமல் வந்திருந்தால் போதும். உறையவைத்த உருளைக்கிழங்கு வறுவலுக்கு மட்டும் அந்தப் பெயர் கிடையாது. அதனால் சதுரம் சதுரமாக நறுக்கி உறையவைத்த காயைப் பையிலிருந்து கொட்டி அங்கேயே வேகவைத்தால், அதுவும் சட்டப்படி ஃபே மேஸோன்தான். இன்னொன்று, தொழிற்சாலையில் சமைத்து வந்த பண்டத்தைச் சூடு பண்ணித் தருகிறவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2014 சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சின்னம் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். வெயிலில், பசியோடு, மொழி தெரியாமல் நிற்கிற ஒரு பயணி எங்கே அதைக் கவனிக்கப் போகிறார்? சட்டம் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

பழியில் நமக்கும் பங்கு உண்டு. பயணிகள் 'பிரெஞ்சுச் சாப்பாடு' கேட்கிறார்கள். மனதில் இருப்பது வெங்காய சூப், ஒயினில் வெந்த மாட்டிறைச்சி, சீஸ் உருக்கிய தட்டு. வெங்காய சூப் பாரிசின் மொத்தச் சந்தையில் குளிர் இரவில் மூட்டை தூக்கியவர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக் குடித்தது. ஒயினில் வெந்த மாட்டிறைச்சி பர்கண்டிப் பகுதியின் பண்டம். இரண்டும் நீஸின் பண்டமும் அல்ல, கோடைப் பண்டமும் அல்ல. நீஸ் 1860-இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. அதற்கு முன்பு பியட்மாண்ட்-சார்தினியா அரசின் கீழ் இருந்த ஊர். அதன் சமையல் பக்கத்து இத்தாலியக் கடலோரத்தோடு உறவு கொண்டது: ஆலிவ் எண்ணெய், காய்கறி, கொண்டைக்கடலை, நெத்திலி. ஏழை விவசாயிகளும் மீனவர்களும் கையில் இருந்ததை வைத்துச் செய்த சமையல். ஜூலை மாதம் 32 டிகிரியில் வெங்காய சூப் கேட்டால், கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திறந்து கொடுக்கத்தான் செய்வார்.

இந்த ஊர் கோடைக்காக உருவானதே இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலேயர்கள் இங்கே குளிர்காலம் கழிக்க வந்தார்கள். கடலோரத்து ப்ரொம்னாத் தெஸாங்கிளே, ஆங்கிலேயர் நடைபாதை, 1820-களில் அவர்கள் பணத்தில் போட்டது. அந்தக் காலத்தில் கோடையில் ஓட்டல்கள் மூடிக் கிடக்கும். 2021-இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் 'குளிர்கால ஓய்வு நகரம்' என்றுதான் சேர்த்தது.

பயணிகள் கேட்பதற்கும் ஊரின் பருவத்துக்கும் இருக்கிற தூரம், நீஸின் பெயரிலேயே இருக்கும் நிஸ்வாஸ் சாலடின் கதையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உள்ளூர்ப் பிடிவாதக்காரர்களைக் கேட்டால், அதில் வெந்தது முட்டை மட்டும்தான் இருக்கலாம். தக்காளி, இளம் அவரைவகை பீன்ஸ், சின்ன ஊதா ஆர்டிசோக், வெங்காயத்தாள், முள்ளங்கி, துளசி வகை இலை, ஊரின் சின்னக் கறுப்பு ஆலிவ், நெத்திலி அல்லது சூரை மீன். அந்த ஆலிவுக்கு 2001-இலிருந்து அரசு வழங்கிய புவிசார் பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. உருளைக்கிழங்கும் வேகவைத்த பச்சை பீன்ஸும் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் எஸ்கோஃபியே காலத்தில் உள்ளே வந்தவை. அவர் நீஸுக்குப் பக்கத்திலேயே, வில்னவ்-லூபேயில், 1846-இல் பிறந்தவர் என்பதால் உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வருத்தம் கொஞ்சம் அதிகம். அந்த இளம் பீன்ஸும் ஆர்டிசோக்கும் வசந்தகாலச் சரக்கு. ஜூலையில் ஒழுங்கான சாலட் அவை இல்லாமல்தான் இருக்க வேண்டும். ஆனால் படத்தில் இருப்பது தட்டில் இருக்க வேண்டுமே, அதனால் டப்பாவைத் திறக்கிறார்கள்.

மீன் பற்றி ஒரு வார்த்தை. கடல் எதிரே இருக்கிறது, மீன் அங்கிருந்துதான் வரும் என்று நினைப்போம். பிரான்சில் சாப்பிடும் கடலுணவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. பட்டியலில் இருக்கும் கொடுவா வகை மீனும் தொராத் என்ற மீனும் பெரும்பாலும் கிரேக்க, துருக்கிப் பண்ணைகளில் வளர்ந்தவை. பண்ணை மீன் கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் கடற்காற்றுக்குக் கொடுக்கும் விலையை மீனுக்குக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம்.

ஏமாற்றாத ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சோக்கா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். கொண்டைக்கடலையை அரைத்த மாவு. அம்மா மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பெரிய வட்டமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். அடுப்பின் சூட்டில் மேல்தோல் அங்கங்கே கருகிக் கொப்பளிக்கும், உள்ளே களி மாதிரி மிருதுவாக இருக்கும். சுரண்டி எடுத்து, மிளகுத்தூள் தூவி, தாளில் வைத்துத் தருவார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும், அதுவும் ஐந்து நிமிடத்துக்குள். ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். எடுத்துவைத்து விற்க முடியாது, உறையவைக்க முடியாது, அதனாலேயே அது தப்பித்திருக்கிறது. வரிசை எங்கே நீளமோ அங்கே நில்லுங்கள். வரிசை நகர நகரத்தான் புதுத் தட்டு வெளியே வரும். வரிசையில்லாத மேசைக்குக் கொண்டுவந்து தரும் சோக்கா பெரும்பாலும் சூடு பண்ணியதுதான்.

சைவக்காரர்கள் சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிப் பரப்பிய பிசலாதியேர் பார்க்கச் சைவம் போலவே இருக்கும், ஆனால் அதன் பெயரே உப்பிட்ட மீன் விழுதிலிருந்து வந்தது. காய்க்குள் பூரணம் வைத்த பெத்தி ஃபார்சியில் இறைச்சி உண்டு. கோடையில் கிடைக்கும் சுக்கினிப் பூ பஜ்ஜியின் மாவில் முட்டை இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மற்றபடி நான் கற்றுக்கொண்டது இவ்வளவு. பசி வரும் முன்பே, பன்னிரண்டரைக்கு, திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், கடலிலிருந்து பத்து நிமிடம் உள்ளே நடந்து போங்கள். பட்டியலில் ஐம்பது பண்டம் இருந்தால் திரும்பிவிடுங்கள். ஒரு சின்ன அடுப்படியில் ஐம்பது பண்டத்தைத் தினமும் புதிதாகச் சமைக்க எந்த மனிதராலும் முடியாது. கரும்பலகையில் நாலைந்து வரி, அதுவும் பிரெஞ்சில் மட்டும், பக்கத்து மேசையில் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்கள், இது போதும். கதவில் 'குய்சீன் நிசார்த்' என்ற ஒட்டுச்சின்னம் இருந்தால் அந்த ஊர்ச் சமையலை ஊர் முறைப்படி செய்வதாக ஒப்புக்கொண்ட கடை என்று அர்த்தம். 'மேத்ர் ரெஸ்தொரதர்' என்ற பலகை 2007-இலிருந்து சோதனைக்குப் பிறகு அரசு தருகிற பட்டம். தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் இலவசம் என்று பட்டியலிலேயே எழுத வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து சட்டம்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியவந்தது மூன்றாவது நாளுக்குப் பிறகுதான். மூன்றாம் நாள் காலையில் ரயில் நிலையத்துக்கு வடக்கே லிபராசியோன் சந்தைக்குப் போனோம். திங்கள் தவிர எல்லா நாளும் காலையில் உண்டு, வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பாட்டிகள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. கத்தரிக்காயைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, லேசாக அழுத்தி, ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு நாலை எடுத்துக்கொண்டார். கடைக்காரப் பெண்மணி தலையசைத்துவிட்டு, நெளிந்து நீண்ட அந்த ஊர்ச் சுக்கினியில் இளசாக இரண்டு பொறுக்கித் தந்தார்.

அன்று சாயங்காலம் வாடகை வீட்டின் சின்ன அடுப்பில் அம்மாவே சமைத்தார். நான் எல்லாக் காயையும் ஒன்றாகப் போடப் போனேன். "இருப்பா, அது தண்ணி விடும், இது எண்ணெய் குடிக்கும், தனித்தனியாத்தான் வதக்கணும்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தபோது மணி ஒன்பது, வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மிச்சத்தை மறுநாள் மதியம் ரொட்டியோடு சாப்பிட்டோம். முந்தின இரவைவிட நன்றாக இருந்தது.